சுடாத கிண்ணத்தின் ரோஸ் நிறம்

உங்கள் கையில் இருக்கிற போன்களைப் பார்த்து எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். இருட்டில் எடுத்தாலும் வெளிச்சமாக வருகிறது, கை நடுங்கினால் அதுவே சரிசெய்துகொள்கிறது. நான் முதன்முதலில் படம் எடுத்த போனின் திரை ஒரு தீப்பெட்டி அளவுதான் இருக்கும். பொத்தானை அழுத்திவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அது கொஞ்சம் யோசித்து, மனது வந்த பிறகுதான் சத்தம் போடும். அந்தப் போனை வைத்துக்கொண்டு ஒரு ஷெட்டை மூடவிடாமல் காப்பாற்றினேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்து, ஆர்டருக்குப் படம் எடுக்கிற பொறுப்பு தலையில் விழுந்திருக்கிற பிள்ளைகளே, போனில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று சொல்லித்தர நான் இதை எழுதவில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் ஒருநாள் உங்கள் முதலாளி பின்னால் நின்றுகொண்டு "அனுப்பு, அனுப்பு" என்று அவசரப்படுத்துவார். படம் அருமையாக இருக்கும். அனுப்பினால் ஆர்டர் நிச்சயம். ஆனாலும் உங்கள் விரல் பொத்தானுக்குப் போகாது. அந்த நேரத்தில் என்ன செய்வது என்று எந்தப் போனிலும் எழுதியிருக்காது. எனக்கு அப்படி ஒரு நாள் வந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். எங்கள் ஷெட்டின் முதலாளி மங்கலம்பேட்டைக்காரர். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ரொம்ப நல்ல மனிதர், ரொம்ப அவசரக்காரர். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் கூட வேலை செய்கிறவர்களுக்குப் பொழுது நன்றாகப் போகும். வீடுகளில் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஃபியூஸ் கட்டை மாட்டியிருக்குமே, அதைத்தான் வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருந்தோம். என்னோடு சேர்த்து ஒரு டஜன் பெண்கள். என் இடம் வாசலை ஒட்டிப் போட்டிருந்த செக்கிங் மேஜை. சூளையிலிருந்து வருகிற ஒவ்வொரு கட்டையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, விரிசலோ ஊசித்துளையோ இருந்தால் தள்ளிவைப்பது என் வேலை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு புது வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் டிரிப் சுவிட்ச் மாட்ட ஆரம்பித்தார்கள். ஃபியூஸ் கட்டை கேட்டு வருகிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்தார்கள். செல்போனில் கேமரா வந்து, ஊரில் நாலு பேர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த காலத்தில் எங்கள் ஷெட்டில் பாதி நாள் வேலை இருக்காது. ஒருநாள் டீ நேரத்தில் பாய் எங்களை உட்காரவைத்துப் பேசினார். துபாயில் இருக்கிற அவருடைய நண்பரின் மகளுக்கு மங்கலம்பேட்டையில் கல்யாணம். வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாம்பிராணிக் கிண்ணம் கொடுக்க நினைக்கிறார்களாம். அந்த ஆர்டர் கிடைத்தால் இனிமேல் ஷெட்டில் இந்த மாதிரி அன்பளிப்புச் சாமான்களே செய்யலாம், கிடைக்காவிட்டால் அடுத்த மாதத்தோடு ஷெட்டை எஸ்டேட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்றார். யாரும் டீயைக் குடிக்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் வேலை போன பெண்களுக்கு அப்போது இருந்த ஒரே வழி திருப்பூர் பஸ். நல்லூரிலிருந்து வருகிற வசந்தாவுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அவள் திருப்பூர் போனால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று அன்று முழுவதும் அவள் முகத்தில் எழுதியிருந்தது.

கிண்ணத்தை நாங்கள் அழகாகவே செய்தோம். சுவரில் சுற்றிலும் இதழ் இதழாக வெட்டிய ஓட்டைகள், கீழே சின்னப் பாதம். இனிமேல்தான் நம் கதையில் கேமரா வருகிறது.

நண்பர் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்த கேமரா போன் ஒன்று பாயிடம் இருந்தது. மாதிரிக் கிண்ணங்கள் தயாராகிக்கொண்டிருந்த அன்று அவருக்குப் பொறுமை இல்லை. சூளையிலிருந்து வெளியே வரும்வரை காத்திருக்காமல், கிளேஸில் முக்கிப் பலகையில் வரிசையாகக் காயவைத்திருந்த கிண்ணங்களைப் படம் எடுத்தார். கிளேஸ் என்பது பளபளப்புக் கொடுக்கிற பூச்சு என்று உங்களுக்குத் தெரியும். அந்த நாளில் எங்கள் ஷெட்டில் அதில் கொஞ்சம் ரோஸ் சாயப்பொடி கலப்போம். பூச்சு எங்கே படவில்லை என்று கண்ணுக்குத் தெரிவதற்காக மட்டும் அந்தச் சாயம். சூளைச் சூட்டில் அது எரிந்து காணாமல் போய், சாமான் வெள்ளையாக வெளியே வரும். சுடாத பூச்சுக்குப் பளபளப்பும் கிடையாது. அதனால் வெளிச்சம் அதன்மேல் மென்மையாகப் பரவும். எந்த மட்டமான கேமராவிலும் அழகாக விழும். பாய் எடுத்த படம் பஞ்சுமிட்டாய் மாதிரி அவ்வளவு அழகாக இருந்தது. பிரவுசிங் சென்டருக்குப் போய் ஈமெயிலில் அனுப்பிவிட்டு வந்தார்.

மறுநாளே துபாயிலிருந்து போன் வந்தது. பேசியது கல்யாணப் பெண்ணின் அம்மா. அவர்களுக்குக் கிண்ணம் ரொம்பப் பிடித்துவிட்டது. இதே கலரில்தான் வருமா என்று கேட்டார்கள். இதே கலர்தான், மாறவே மாறாது என்று பாய் அடித்துச் சொன்னார். நாங்கள் எல்லோரும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை. இதை வெளியாள் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள், நீங்கள் நம்புவீர்கள். ரோஸ் பூச்சோடு இருக்கிற சாமானை நாங்கள் தினமும் "வெள்ளை" என்றுதான் சொல்லுவோம். "அந்த வெள்ளையை எடுத்து அந்தப் பக்கம் வை" என்றால் வசந்தா ரோஸ் நிறத்தில் இருப்பதைத்தான் எடுத்து வைப்பாள். சூளைக்குப் போய்வந்தால் அது எப்படி இருக்குமோ, அப்படித்தான் எங்கள் கண் முன்கூட்டியே பார்த்துவிடும். கேமராவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நம் தொழிலில் படம் எடுக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் தினமும் பார்க்கிற ஒரு சாமானை உங்களால் புதிதாகப் பார்க்கவே முடியாது. அனுப்புவதற்கு முன்னால், அதை இதுவரை பார்க்காத யாரிடமாவது காட்டி "உனக்கு என்ன தெரியுது?" என்று கேளுங்கள்.

சுட்ட மாதிரிக் கிண்ணம் ஒன்றை, விமானம் ஏறப்போன மங்கலம்பேட்டைக்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினோம். அது போய்ச் சேர்ந்த அன்று மறுபடியும் போன் வந்தது. பாய் ஸ்பீக்கரில் போட்டார், நல்ல செய்தியை நாங்களும் கேட்கட்டும் என்று.

"அண்ணே, நான் பாத்தது ரோஸு. நீங்க அனுப்பி இருக்கிறது ஆஸ்பத்திரி கிண்ணம் மாதிரி இருக்குது" என்றார் அந்த அம்மா.

பாய் சாயப்பொடி, சூளை என்று விளக்கிப் பார்த்தார். கல்யாணப் பெண்ணின் உடுப்பு ரோஸ், மேடைத் துணி ரோஸ், அதைப் பார்த்துத்தான் கிண்ணத்தைத் தேர்ந்தெடுத்தேன் என்றார்கள் அவர்கள். படத்தில் இருந்தது நிஜமா பொய்யா, அதை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சரியான பதில் இல்லையென்றால் அங்கேயே வேறு ஏதாவது வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

அடுத்த ஒரு மணிநேரம் ஷெட்டில் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். சுட்ட கிண்ணத்துக்கு மேலே ரோஸ் பெயிண்ட் அடித்துவிடலாம் என்றார் பாய். உள்ளே நெருப்பு வைக்கிற பாத்திரம், பெயிண்ட் கருகி நாறும் என்று நான் சொன்னேன். சூட்டுக்கு நிற்கிற ரோஸ் நிறப்பொடி வெளியூரிலிருந்து வரவழைக்கலாம் என்றார். வந்து, கலந்து, சுட்டுப் பார்த்து, சரியாக வராமல் மறுபடி சுட்டுப் பார்ப்பதற்குள் கல்யாணப் பெண் தலைப்பிரசவத்துக்கே வந்துவிடுவாள் என்று வசந்தா சொன்னாள். கடைசியில் பாய் போனை எடுத்து என் செக்கிங் மேஜையில் வைத்தார்.

"எங்கிட்ட இருந்தா இன்னும் எதையாவது அனுப்பித் தொலைப்பேன். தினமும் சாமானத் திருப்பித் திருப்பிப் பாக்குறவ நீதான். நீயே எடு தனம்" என்றார்.

நான் அதற்கு முன்னால் கேமராவைத் தொட்டதே இல்லை. ஆனால் அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. பளபளப்பான சாமானில் வெளிச்சம் எப்படி ஓடும் என்று அந்த எஸ்டேட்டிலேயே என்னைவிடத் தெரிந்தவர்கள் இருந்திருந்தால் நாலைந்து பேர் இருந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

முதல் நாள் எடுத்தவை எதற்கும் உதவவில்லை. நல்ல வெளிச்சம் வேண்டும் என்று உச்சிவெயிலில் கொண்டுபோய் வைத்தேன். வெள்ளைக் கிண்ணம் வெறும் ஒளியாக எரிந்துபோய், ஓட்டை எது இதழ் எது என்று தெரியவில்லை. நிழலில் வைத்தேன், சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. தீப்பெட்டித் திரையில் பார்க்க எல்லாமே சுமாராகத்தான் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குக் கொண்டுபோனேன். அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண் என்னைவிட வயதில் சிறியவள், என்னைவிட வாய் பெரியவள். படத்தைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினாள்.

"அக்கா, இதுல கிண்ணத்தவிட நீங்கதான் நல்லா தெரியுறீங்க."

பார்த்தேன். கிண்ணத்தின் வயிற்றில், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குட்டியாக நான் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஷெட்டின் வாசல், சைக்கிள், தண்ணீர்த் தொட்டி எல்லாம் வளைந்து தெரிந்தன. படம் முழுக்க ஒரு புகைமூட்டம் வேறு. அவள் போனை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். கேமராவின் சின்னக் கண்ணாடியில் கிளேஸ் தூசி வெள்ளையாகப் படிந்திருந்தது. துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டு என் கையில் கொடுத்தாள். அவள் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. ஆனால் இன்றுவரை எனக்குக் கேமரா சொல்லித்தந்தவர் யார் என்று கேட்டால் அவளைத்தான் சொல்வேன். நம் ஷெட்டுகளில் தூசி இல்லாத இடம் கிடையாது. படம் மங்கலாக வருகிறது, புதுப் போன் வேண்டும் என்று முதலாளியிடம் போய் நிற்பதற்கு முன்னால் கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள். எடுத்த படத்தைப் பெரிய திரையிலும் பாருங்கள். வாங்குகிறவர்கள் உங்கள் போனில் பார்க்கப்போவதில்லை.

மறுநாள் கேமராவை மறந்துவிட்டு, செக்கிங் மேஜையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். விரிசல் தேடும்போது சாமானை எப்படிப் பிடிப்பேன்? வாசல் வெளிச்சம் பக்கவாட்டில் வர, அது கிளேஸின்மேல் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி சாய்ப்பேன். அதே மாதிரி கிண்ணத்தை வைத்தேன். பின்னால், சூளைக்குள் சாமான் அடுக்க வைத்துக் கறுத்துப்போன கல்பலகை ஒன்றை நிறுத்தினேன், வெள்ளை எடுப்பாகத் தெரிந்தது. வெளிச்சம் படாத பக்கம் இருட்டாக இருந்தது. சாமான் வார்க்கிற பிளாஸ்டர் அச்சு ஒன்றை அந்தப் பக்கம் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அச்சு வெள்ளைவெளேர் என்று இருக்குமா, அதில் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து கிண்ணத்தின் இருட்டை எடுத்துவிட்டது. போனைக் கையில் பிடிக்காமல் ஃபியூஸ் கட்டைகளை அடுக்கி அதன்மேல் சாய்த்து வைத்தேன். விற்காமல் கிடந்த கட்டைகளுக்கு ஒரு வேலை கிடைத்தது. பொத்தானை அழுத்திவிட்டுச் சிலையாக நின்றேன்.

படத்தைப் பார்த்ததும் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. கிண்ணம் ரோஸாக இருந்தது. பாய் எடுத்த படத்தைவிட அழகான, உள்ளிருந்தே ஒளி வருகிற மாதிரியான ரோஸ். நிமிர்ந்து பார்த்தேன். பிளாஸ்டர் அச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவள் வசந்தா. அன்று அவள் கட்டியிருந்தது நல்ல ரோஸ் புடவை. அதன் நிறம் கிளேஸில் விழுந்து கிண்ணம் முழுவதும் பூசிக்கொண்டிருந்தது.

பாய் ஓடிவந்து பார்த்தார். குழந்தை மாதிரி கை தட்டினார். இதுதான் அந்த அம்மா கேட்ட கலர், இப்போதே போய் அனுப்பு என்றார். நான் மாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "இதுல பொய் எங்க இருக்குது? இருக்கிறதத்தான எடுத்திருக்குற?"

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. யாரும் எதையும் பூசவில்லை, மாற்றவில்லை. கேமரா முன்னால் இருந்ததைத்தான் கேமரா எடுத்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கிண்ணம் அவங்க வூட்டுக்குப் போவும் பாய். வசந்தா போவ மாட்டா."

ஒரு டஜன் பேர் வேலையை நீ ஒருத்தி வேண்டாம் என்று தள்ளுகிறாய் என்று பாய் சொன்னார். அது என்னைக் குத்தியது. அந்த ஒரு டஜனில் நானும் ஒருத்தி. மற்றவர்கள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. யாராவது ஒருத்தி "அனுப்பிடு அக்கா" என்று சொல்லியிருந்தால் அனுப்பியிருப்பேனோ என்னவோ, சத்தியம் பண்ண முடியாது.

வசந்தா அச்சைக் கீழே வைத்தாள். "நான் தள்ளி நின்னுக்கிறேன் அக்கா. நீ மறுபடி எடு" என்றாள்.

திருப்பூர் பஸ்ஸைப் பற்றி எல்லோரையும்விட அதிகமாகப் பயந்தவள் அவள். அவள்தான் வெளிச்சத்திலிருந்து முதலில் விலகினாள். வெள்ளைச் சட்டை போட்டிருந்த பாயையே அச்சைப் பிடிக்கச் சொல்லி நான் மறுபடி எடுத்தேன். அவர் முறைத்துக்கொண்டே பிடித்தார். இந்த முறை வந்தது அசல் வெள்ளை. இதழ் வெட்டு ஒவ்வொன்றும் கூர்மையாக, கிளேஸ் பால் மாதிரி வழவழப்பாக, குறை சொல்ல முடியாத படம். இன்றைக்கும் நான் எடுத்ததில் நல்ல படம் எது என்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன். ஆனால் வெள்ளை வெள்ளைதான். ஆஸ்பத்திரி என்று சொன்னவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரிகிற ஆஸ்பத்திரி.

அப்போது எனக்குத் தோன்றியது ஒன்று உண்டு. அதைப் பெரிய அறிவு என்று சொல்ல மாட்டேன், எங்கள் பழைய தொழிலின் கோளாறு என்று வேண்டுமானால் சொல்லலாம். ஃபியூஸ் கட்டை என்பது பெட்டிக்குள் மாட்டி மூடிவிடுகிற சாமான். அதை யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை, பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. அதே பழக்கத்தில் சாம்பிராணிக் கிண்ணத்தைச் செய்து, சுட்டு, துடைத்து, படமும் எடுத்துவிட்டோம். ஒருத்தியாவது அதில் ஒரு நெருப்புக் கங்கு வைத்துப் பார்த்தோமா?

இதை நான் சொன்னதும் வசந்தா எஸ்டேட் வாசலில் இருந்த டீக்கடைக்கு ஓடினாள். அடுப்பிலிருந்து இரண்டு கரித்துண்டுகளைக் கனலக் கனல எடுத்துக்கொண்டு வந்தாள். கிண்ணத்தின் அடியில் ஒரு பிடி சாம்பல் போட்டு, அதன்மேல் கங்குகளை வைத்தோம். வெளியே நல்ல பகல். ஷெட்டின் கதவைப் பாதி சாத்தினேன். பாய் குனிந்து ஊதினார்.

கிண்ணத்தின் உள்சுவர் நிறம் மாறியது. வெள்ளைக் கிளேஸ் கங்கின் சிவப்பை வாங்கிக்கொண்டு ரோஸாகி, இதழ் ஓட்டைகள் வழியாக வெளியே கசிந்தது. ஊதினால் கூடியது, விட்டால் அடங்கியது. நாங்கள் செய்த சாமானை நாங்களே முதல் தடவை பார்த்த மாதிரி எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். வேறு எந்த நிறத்திலாவது அந்தக் கிண்ணம் இருந்திருந்தால் அந்த ரோஸ் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

படம் எடுப்பதுதான் பாடு. வெளிச்சம் குறைந்தால் அந்தப் போன் கண் தெரியாத கிழவி மாதிரி தடவும். கதவை முழுதாகச் சாத்தினால் கிண்ணமே தெரியவில்லை, திறந்தால் கங்கின் நிறம் போய்விட்டது. கதவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, இரண்டும் தெரிகிற ஒரு இடத்தில் நிறுத்தினோம். சாம்பிராணி போடலாம் என்று எல்லோரும் ஆசைப்பட்டார்கள். புகை மறைத்துவிடும், படம் முடியட்டும் என்று சொல்லிவிட்டேன். பாய் ஊதி முடித்துத் தலையை எடுத்த கணத்தில் அழுத்த வேண்டும், போன் யோசித்து முடிப்பதற்குள் கங்கு அடங்கிவிடக் கூடாது. எத்தனை தடவை முயன்றோமோ, பாய்க்குத் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். கடைசியில் ஒன்று விழுந்தது.

பிரவுசிங் சென்டரில் அந்தப் பெண் பெரிய திரையில் அதைப் போட்டதும் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தது எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது. கங்கு வைத்த படத்தை மட்டும் அனுப்பலாம் என்றார் பாய். நான் மூன்றையும் அனுப்ப வேண்டும் என்று நின்றேன். பாய் முதலில் எடுத்த ரோஸ் படம், நான் பகல் வெளிச்சத்தில் எடுத்த வெள்ளை, பிறகு கங்கு. ஒவ்வொன்றின் கீழும் அந்தப் பெண்ணை எழுதச் சொன்னேன். முதலாவது சூளைக்குப் போவதற்கு முன். இரண்டாவது சூளையிலிருந்து வந்த பின். மூன்றாவது உள்ளே நெருப்பு இருக்கும்போது. உங்கள் கையில் கிடைக்கப்போவது இரண்டாவது. இந்தக் கடைசி வரியை எழுதும்போது பாய் தலையில் கைவைத்துக்கொண்டார்.

உங்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அழகான படத்தை அனுப்ப எல்லோருக்கும் தைரியம் உண்டு. அதற்குப் பக்கத்தில் சாதாரணப் படத்தையும் வைத்து அனுப்பப் பழகிக்கொள்ளுங்கள். வாங்குகிறவர்கள் கையில் கிடைக்கிறபோது ஏமாறாமல் இருப்பது அந்தச் சாதாரணப் படத்தால்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து பாய் திரும்பி வந்த பிறகு போன் வந்தது. இந்த முறை அந்த அம்மா பாயிடம் பேசவில்லை. படம் எடுத்தவர்களைக் கூப்பிடுங்கள் என்றார்களாம். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினேன்.

"மூணாவது படத்துல, பக்கத்துல யாராச்சும் ரோஸ் துணி புடிச்சிருந்தீங்களா?" என்று கேட்டார்கள்.

வசந்தாவைப் பார்த்தேன். அவளுக்குக் கேட்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று மட்டும் அந்தப் புடவைப் படத்தை அனுப்பியிருந்தால் நான் அங்கே என்ன பதில் சொல்லியிருப்பேன்?

"இல்லம்மா. நாங்க அனுப்பின கிண்ணம் உங்ககிட்டதான இருக்குது? அதுல ஒரு கங்கு வச்சிப் பாருங்க. படத்தப் பாக்க வேணாம்" என்றேன்.

சரி என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நாங்கள் வேலை செய்கிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தோம். பாய் வாசலுக்கும் சூளைக்கும் நடந்தார். சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாகியும் யாரும் கிளம்பவில்லை. போன் அடித்ததும் பாய் எடுக்காமல் என் பக்கம் நீட்டினார்.

அந்த அம்மா நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடி எல்லாத்தையும் எங்க வூட்டுல எறக்கிடணும். முடியுமா?" என்று மட்டும் கேட்டார்கள்.

முடியும் என்று நான் சொன்ன சத்தத்தில் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. வசந்தா அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பாய் மேலே பார்த்து ஏதோ முணுமுணுத்துவிட்டு, எல்லோருக்கும் டீ வாங்கிவர அவரே போனார்.

ஷெட்டை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. யாரும் திருப்பூர் போகவில்லை. கல்யாணத்துக்கு எங்கள் எல்லோரையும் அழைத்திருந்தார்கள். இருட்டுக் கூடத்தில் வரிசையாகக் கிண்ணங்களில் கங்கு வைத்திருந்தார்கள், பெண்ணின் உடுப்பும் அந்த ரோஸும் ஒன்றாக இருந்தன. பந்தியில் எனக்கு அந்த அம்மாவே பிரியாணி பரிமாறினார்கள். பரிமாறும்போது தன் சொந்தக்காரப் பெண்களிடம், படம் எடுத்தது இவங்கதான் என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

அதற்குப் பிறகு வேறு யூனிட்டுகளும் என்னைக் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொன்னார்கள். ஓய்வு பெறும்வரை கப், பொம்மை, விளக்கு என்று என்னென்னவோ எடுத்தேன். போன்கள் மாறின, நல்ல போன்கள் வந்தன. ஆனால் எனக்கு மறக்காத நாள் கல்யாணம் முடிந்து கொஞ்ச காலத்துக்குப் பிறகு வந்த ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை. ஷார்ஜாவிலிருந்து, எங்களுக்கு முன்பின் தெரியாத ஒருவர், அந்தக் கல்யாணத்துக்கு வந்த யாரோ சொன்னதாகச் சொல்லி, கிண்ணம் கேட்டுப் போன் செய்தார். வழக்கம்போலப் படம் அனுப்புகிறேன், பிறகு மாதிரிக்கு ஒன்று கொடுத்தனுப்புகிறேன் என்று பாய் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்திவிட்டு, அந்தப் பக்கம் சொல்வதைக் கேட்டார். பிறகு எழுந்து ஷெட்டுக்கு நடுவில் வந்து நின்று ஸ்பீக்கரைப் போட்டு, இப்போது சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று அவரிடம் கேட்டார்.

"அந்த தனம் அக்கா எடுத்த படம்தானுங்களே? அப்ப சேம்பிள் வேணாங்க. சாமானையே அனுப்பிடுங்க."

மற்ற பெண்கள் எல்லோரும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க பாய் என்றேன்.